கையொப்பம் இடும் இடம்

மெலெரி பிறந்த மாதம் அரசாங்கம் அனுப்பிய
இருநூற்றைம்பது பவுண்டுச் சீட்டைக்
குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினோம்.
மெலெரி பென்ரி என்று அச்சில் பார்த்தபோது
யாரோ பெரிய மனுஷி என்று தோன்றியது.

அப்புறம் மாதம் பத்து.
நான் பணிமனையில் இரவுப் பேருந்துகளின் இருக்கை துடைத்தேன்.
நெஸ்டா வீடு வீடாகப் போய் முடி வெட்டினாள்.
அவள் சிறுவாடு ஒரு காப்பி டப்பாவில்,
டப்பா நிறைந்தால் மகள் கணக்கில்.
முதல் வலிப்பு வந்த வருஷமும் நிறுத்தவில்லை.
கொதிகலன் வெடித்த டிசம்பரில் மட்டும் ஐந்து.
ஜனவரியில் பதினைந்து போட்டு நேர் செய்தோம்.

பதினெட்டு முடிந்த மறுநாள்
கடிதம் வந்தது, அவள் பெயருக்கே.
வாழ்த்துகள், இனி இது உங்கள் பணம்.
அவளிடம்தான் கொடுத்தேன்.
உறையின் கண்ணாடித்தாள் சன்னலைக்
காதருகே வைத்துக் கசக்கிக் கேட்டாள்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு
நல்ல சத்தம் போட்டது.

தொலைபேசியில் ஒரு பெண்:
கணக்குக்காரரிடம் பேச வேண்டும்.
கொடுத்தேன். பேசினாள்.
மெலெரிக்குப் பேச்சு என்பது மூக்கில் வரும் ஒரே ராகம்,
பசித்தால் இறங்கும், கடல் தெரிந்தால் ஏறும்.
பிறந்த தேதி?
ராகம்.
முகவரியின் முதல் வரி?
ராகம்.
வெகுநேரம் கழித்து,
எழுதி வைத்ததைப் படிக்காத குரலில்
"நல்லா பாடுறாங்க" என்றாள் அந்தப் பெண்.
பிறகு எழுதி வைத்ததைப் படித்தாள்:
நீதிமன்ற ஆணை இல்லாமல் தர இயலாது.

படிவங்கள் வந்தன.
படிவத்தில் மட்டும் என் மகள் 'அவர்'.
விவரத்தைப் புரிந்துகொள்வாரா?
நினைவில் வைத்திருப்பாரா?
சீர்தூக்கிப் பார்ப்பாரா?
முடிவைத் தெரிவிப்பாரா?

பதினெட்டு வருஷம் இதற்கு நேர்மாறாக எழுதி வந்தவன் நான்.
பள்ளிக்கூடத்துக்கு, மருத்துவருக்கு, பேருந்து அனுப்புகிறவர்களுக்கு:
கரண்டி பிடிக்கிறாள்.
பெயர் சொன்னால் திரும்புகிறாள். (பாதி உண்மை.)
இரண்டு சட்டை காட்டினால் மஞ்சளைத்தான் தொடுகிறாள்;
அதைத் தேதி போட்டு எழுதினேன்.
இப்போது சமையலறை விளக்கடியில்
மாட்டார்.
மாட்டார்.
மூன்றாவதில் 'மாட்டா' வரை வந்தது கை.
எழுந்து போய்
மஞ்சள் சட்டையைத் துவைக்கப் போட்டேன்.
மிச்ச எழுத்தையும் நான்காவதையும்
நெஸ்டா எழுதியிருந்தாள், உறையும் ஒட்டியிருந்தாள்.

கோபம் வரும்போது தெருக்கோடியில் க்விலிம் வீட்டைப் பார்ப்பேன்.
வாய் பேசாத தம்பியின் பணத்தை
ஒரே கோடையில் குதிரைமேல் கட்டித் தீர்த்தவன்.
தம்பி இன்றைக்கும் அவனைக் கண்டால் கைதட்டுகிறான்.
என்னையும் அவனையும்
ஒரே சல்லடையில் போட்டுச் சலிக்கிறது சட்டம்.
சலிக்கட்டும்.
எனக்கும்தான் சலிக்கிறது.

பாரி என்பது எங்கள் ஊர்.
கொல்லையில் ஒரு கொடி, போன வசந்தத்தில்
பற்ற ஏதுமில்லாமல் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.
என் பழைய சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.
அது கேட்கவில்லை. நானும் எதையும் நிரப்பவில்லை.
இப்போது கைப்பிடி வரை பூ.

பதினோராவது மாதம். முத்திரை வரவில்லை.
துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கடைக்காரர்
மூன்று சக்கர வண்டி ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறார்,
முன்னே பட்டை போட்ட இருக்கை, மிதிக்கப் பின்னே ஒரு இடம்,
தேர்போல் அகலம்.
சனிக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறோம்.
அவர் தூசி தட்டி, எங்கள் பெயர்ச் சீட்டை அவிழ்க்காமல்
அவளைத் தூக்கி உட்கார்த்திவிட்டு
வேறு வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுகிறார்.

சன்னலில்லாத கடை அது.
கடல் அங்கிருந்து தெரியாது.
ராகம் ஏறுகிறது.