தொண்ணூறு ஆடு

மார்கழியில் மெட்ராஸ் வந்தால்
பழைய கல்லெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்றார்
சகலை மாதையன்.
பர்கூரில் கிரானைட் பட்டறை வைத்திருப்பவர்.
இருபத்திரண்டு டிகிரிக்குக் குரங்குக் குல்லா போட்டிருந்த
எங்கள் தெருவையும் என்னையும் பார்த்துச் சிரித்தபடி
அரைக்கைச் சட்டையில் இறங்கி நடந்தார்.
'ஏதோ மனசு சரியில்லாம வந்திருக்காரு,
நீங்களா எதையும் கேட்டுவைக்காதீங்க'
என்று சொல்லி அனுப்பியிருந்தாள் மனைவி.

பல்லாவரத்தில் குன்றேறினோம்.
பல்லவர் குடைந்த குகை; இப்போது தர்கா.
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி
தூணை விரல்முட்டியால் தட்டிக் காது வைத்தார்.
'உள்ள விரிசலே இல்ல.'
மயில்பீலி வைத்திருந்தவர்
எங்கள் இருவர் தலையையும்
ஒரே வீச்சில் தடவி அனுப்பினார்.

திரிசூலத்தில் கோயிலை விட
வெட்டித் தின்ற மலையைத்தான்
நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
தலைக்கு மேல் விமானம் இறங்க
குருக்கள் மந்திரத்தை நிறுத்தி
அது கடந்ததும் விட்ட எழுத்திலிருந்து தொடங்கினார்.
'இந்தப் படி மட்டும், பாலிஷ் போடாமலே,
சதுர அடி இருநூத்தி எம்பது போகும்.'
சாமிக்கும் விலை சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.
அங்கே மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.
தொன்னையில் கிடைத்த பொங்கலின் மிளகை
ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைத்தார்.

கோயில்களுக்கும் மதியத் தூக்கம் உண்டு.
நடை திறக்கும்வரை போக்கிடம் இல்லாமல்
விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினோம்.
சைதாப்பேட்டையில் ரயில் தரைக்குள் புகுந்தது.
இருட்டைக் காட்டிக் கேட்டார்:
'இங்க தோண்டின கல்ல
யாரு எடுத்துட்டுப் போனாங்க?'
வண்ணாரப்பேட்டை வருவதற்குள்
ஏழு தடவை அதிர்ந்தது அவருடைய போன்.
ஏழு தடவையும்
தொடைமேல் கவிழ்த்தே வைத்திருந்தார்.

திருவொற்றியூர் தேரடி.
பிரகாரச் சுவரில் வரிவரியாய் எழுத்து.
ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அரைகுறையாய்க் கற்றதை வைத்து
நான் கொஞ்சம் மிதப்பாகவே படித்தேன்:
நொந்தா விளக்கு ஒன்று. அதற்கு விட்ட
சாவா மூவாப் பேராடு தொண்ணூறு.
'சாகாத ஆடா?'
ஆடு சாகும், கணக்குதான் சாகாது, என்றேன்.
ஒருத்தன் கோயிலுக்கு ஆடு கொடுக்கிறான்.
அதை ஓட்டிப் போகிற இடையன்
தினம் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும்.
செத்தது போகக் குட்டி சேர்த்து
தொண்ணூறு எப்போதும் தொண்ணூறாகவே இருக்க வேண்டும்.
அவனுக்குப் பிறகு அவன் மகன்.
அதற்கும் பிறகு,
சந்திரனும் சூரியனும் இருக்கும்வரை.

வெகுநேரம் பேசவில்லை.
'குடுத்தவன் பேரு போட்டிருக்கா?'
இருந்தது.
'வாங்கினவன் பேரு?'
தேடினேன்.
அது வரவேண்டிய இடத்தில்
குழாய் பதித்து சிமெண்ட் பூசியிருந்தார்கள்.
கட்டை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
'சார், சுவரத் தொடாதீங்க' என்று
யாரோ குரல் கொடுத்தார்கள்.

'எனக்கு நாப்பத்தாறு லட்சம்'
என்றார், சிமெண்டைப் பார்த்தபடியே.
'கட்டக் கட்ட
அந்தத் தொண்ணூறு அப்படியே நிக்குது.'
படித்துச் சொல்ல
என்னிடம் வேறு வரி இல்லை.

வெளியே பத்து ரூபாய்க்கு ஒரு நெய்விளக்கு வாங்கினார்.
காற்று இரண்டு தரம் அணைத்தது.
மூன்றாம் தரம் கல் பிடித்துக் காய்த்த கையைக்
குகை மாதிரி குவித்துக்கொண்டு
திரி நிலைக்கும்வரை குனிந்தே நின்றார்.
பின்னால் வரிசையில் நின்ற பெண்
சீக்கிரம் என்று சொல்ல வாயெடுத்துச்
சொல்லாமல் விட்டாள்.

ஸ்டேஷன் படியில்
கடல்பக்கமிருந்து ஈரக்காற்று.
போன் மறுபடி அதிர்ந்தது.
எடுத்து, 'சொல்லுங்க சார்,
இப்ப கோயில்ல இருக்கேன்,
நாளைக்கு நேர்லயே வரேன்' என்றார்.
வைத்துவிட்டு, 'குளுருது' என்றார்.

குல்லாவைக் கழற்றிக் கொடுத்தேன்.
காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டு
அடுத்த ரயில் எத்தனை நிமிஷம் என்று
பலகையைப் பார்த்தார்.