ஐந்நூறுக்கும் நாலாயிரத்துக்கும் நடுவில்

ரூபாய் இல்லை, ஹெர்ட்ஸ்.
மனிதர்கள் சண்டை போடுவதும்
சோறு போடட்டுமா என்று சமாதானம் ஆவதும்
பெரும்பாலும் இந்தச் சந்துக்குள்தான்.

வூஃபர் பத்து இஞ்ச், எட்டு வருடமாய்க் கட்டிலடியில் கிடக்கிறது.
ட்வீட்டர் ஏதோ ஒன்று.
கொண்டலாம்பட்டியில் இருபத்திரண்டு வருடம்
விசைத்தறி நாடாக்களுக்கு நடுவே நின்றவனுக்கு
அந்த உயரத்தில் யாரும் குடியில்லை.
ஐந்து ரோட்டில் காது டாக்டர் வரைந்து கொடுத்த கோடு
மூவாயிரம் வரை நன்றாகத்தான் வருகிறது,
அப்புறம் ஏற்காடு மலையிலிருந்து இறங்குகிறது
ஒரு கொண்டை ஊசி வளைவுகூட இல்லாமல்.

ஆக, நடு.
நடுவுக்குத்தான் டோம் தேடினேன்.

ஒன்று பட்டு.
கறுப்புப் பூச்சுக்கு அடியில் நெசவு தெரிந்தது.
பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணினேன், பழக்க தோஷம்.
இந்த நெருக்கத்துக்கு அம்மாபேட்டையில்
கூலி பேசி முடிக்க ஒரு வாரம் ஆகும் என்றேன்.
கடைக்காரன், இம்போர்ட்டட் சார், என்றான்.

மற்றது அலுமினியம்.
சேர்வராயன் மலையைக் குடைந்து
லாரி லாரியாய் இறக்கிய செம்மண்ணுக்கு
ஏதோ ஒரு வகையில் பங்காளி.
விரலை வைக்காதே என்று பெட்டியில் படம் இருந்தது.
கோடு தட்டை, ஒழுக்கமான பிள்ளை,
ஐயாயிரம் தாண்டியதும் மட்டும் ஒரு கொம்பு.

கொம்பை க்ராஸ்ஓவரில் வெட்டிவிடலாம் என்றான் மரியசெல்வம்.
மலையில் காபி எஸ்டேட் எலக்ட்ரீஷியன்.
பெட்டிக்கு சில்வர் ஓக் பலகையை
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தவன்.
ஒரு காயில், ஒரு கெபாசிட்டர், முடிந்தது என்றான்.

ட்வீட்டரைக் கழற்றி வைத்தோம்.
இடது பெட்டியில் பட்டு, வலது பெட்டியில் அலுமினியம்.
அவன் வயலின் கொண்டுவந்திருந்தான்.
நான் போட்டது
ஓமலூரிலிருந்து பாவாயி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்:
சிலிண்டர்காரன் வந்தா சில்லறையா எடுத்து வையி
சீட்ட வாங்கி சீரக டப்பாவுக்கு அடியில சொருகு
சும்மா நிக்காத.

பட்டில் கேட்டுவிட்டு பாவாயி சொன்னாள்,
இது நான். சளி பிடிச்சப்ப.
அலுமினியத்தில் கேட்டுவிட்டு,
இது யாரு, ஸ்கூல் டீச்சரா?
பட்டுதான், என்று எழுந்து போனாள்.
அடுப்பில் பால் இருந்தது.

எனக்கு அலுமினியத்தில்தான்
அந்தச் சகரங்கள் வந்தன.
இலிண்டர், இல்லறை, ஈட்டு என்று கேட்டு
உதட்டைப் பார்த்து ஒட்டுப்போட்டுக்கொண்டு
இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன்,
அது எனக்கே தெரியவில்லை.
திரும்பப் போட்டேன்.
சும்மா நிக்காத.
திரும்ப.
சும்மா.

கொம்பை வெட்டாதே, என்றேன்.

மரியசெல்வம் அளவுத்தாளை நீட்டினான்.
அது குறைடா, அதை யாராவது வைத்துக்கொள்வார்களா?
நான் டாக்டர் கொடுத்த தாளை எடுத்து
அதன் பக்கத்தில் வைத்தேன்.
ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில்
சரியாக உட்காரவில்லை. கிட்டத்தட்ட உட்கார்ந்தது.
அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் நான் சொன்னதற்குத்தான் கோபம் வந்தது:
இடது அப்படியே பட்டாக இருக்கட்டும்.
இரண்டு காலில் இரண்டு விதச் செருப்பா,
ஸ்டீரியோ என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு,
என்று கேட்டுக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டு
கடைசி ஏற்காடு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.
வாசலில் நின்று,
டோமுக்கு முன்னால் வலை அடி, எதிர்வீட்டுப் பையன் குத்திவிடுவான், என்றான்.

ராத்திரி செய்தி ஓடியது.
அடுப்படி வாசலில், பட்டுப் பெட்டி ஓரம் நின்று
பாவாயி ஏதோ சொன்னாள்.
என்ன, என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள்.
கூடத்தைக் குறுக்கே கடந்து
அலுமினியப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று
திரும்பச் சொன்னாள்.