முறை

போன வருடம் இந்த அறையில் பிறந்தவர்கள் பதினொரு பேர்.
அதற்கு முந்தின வருடம் பத்தொன்பது.
எண்களை எடுத்தவள் நான்,
ஆடி மாதத்து மின்வெட்டில்,
செல்போன் வெளிச்சத்தில்.

பிள்ளை பெறும் வயதுக்காரர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள்.
இருக்கிற ஒன்றிரண்டு பேரும்
ஸ்கேன் உண்டு என்று மன்னார்குடிக்குப் போகிறார்கள்.
இங்கே மிச்சம்
வீங்கிய கால்கள்.
வாரம் மூன்று நாள் முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போய்
ரத்தம் சுத்தம் செய்துகொண்டு
ஜன்னல் கம்பியில் நெற்றி சாய்த்துக்
கடைசி பஸ்ஸில் திரும்புகிறவர்கள்.

பிரசவ அறையை மூடி
டயாலிசிஸுக்குத் தரலாம் என்று
மேலிடத்துக்கு எழுதிய கை இது.

உத்தரவு வந்தது. கூட்டம் போட்டேன்.
"மேலேருந்து சொல்லிட்டாங்க, நாம என்ன பண்றது" என்றேன்.
சொன்ன வாய்க்குள் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அவசரத்துக்கு வந்தால்? என்றாள் ஹலீமா.
ஆம்புலன்ஸ் இருக்கு, இருபத்திரண்டு நிமிஷம்.
பாமணியாத்துப் பாலத்தை ஒடைச்சுப் போட்டிருக்காங்களே?
என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

தையல்நாயகி ஒன்றும் கேட்கவில்லை.
இருபத்தாறு வருடம் இந்தத் தரையைக் கழுவியவள்.
வாளியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்,
கூட்டம் முடிவதற்கு முன்பே.

கடைசி ராத்திரி.
விதிப்படி காலை எட்டு வரை அறை தயாராய் இருக்க வேண்டும்.
கருவிகளை ஆவியில் வேகவைத்தோம்.
துண்டுகளை மடித்தோம்.
குழந்தைத் தராசைப் பூஜ்யத்துக்குத் திருப்பினோம்.
யாரும் வரவில்லை.
சம்பா நாற்றங்காலில் தவளைகள் மட்டும்
விடாமல் எதையோ பெற்றுக்கொண்டிருந்தன.

மூன்று மணிக்கு, டீ ஆறிய பிறகு, சொன்னேன்:
மேலேருந்து வரல. நான்தான் எழுதிக் கேட்டேன்.

ஹலீமா நிமிர்ந்து பார்த்தாள்.
தையல்நாயகி துண்டின் ஓரத்தை நீவியபடியே,
"தெரியும். தபாலைக் கொண்டுபோனது நான்தானே.
ஒட்டாமக் குடுத்தீங்க" என்றாள்.
வெகுநேரம் கழித்து,
"அன்னிக்கே சொல்லியிருந்தா
அன்னிக்கே சண்டை போட்டிருப்பேன்.
இப்ப சண்டையும் பழசாப் போச்சு."

ஹலீமா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.
மூன்றாம் நாள் பேசியதும்
பாலம் முடியும்வரை ஒரு ஆம்புலன்ஸ்
இக்கரையிலேயே நிற்க வேண்டும் என்பதுதான்.
எழுதினேன்.
அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு ஒட்டினேன்.

மேசையைத் தூக்கியபோது தரையில்
துரு வட்டங்கள் நான்கு.
எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
அதன்மேல் சாய்வு நாற்காலி வந்தது.
ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு
நூற்றிருபது லிட்டர் சுத்த நீர் வேண்டும்.
ஆற்றைப் பார்த்த ஜன்னலை வைத்துக்கொண்டு
ஆறு வாரம் தண்ணீருக்கு அலைந்தோம்.

கரும்பலகையில் பிரசவக் கணக்கை அழித்து
மூன்று முறை எழுதினேன்: காலை, மதியம், இரவு.
எல்லோரும் காலையைக் கேட்டார்கள்.
இடும்பாவனத்து வைரக்கண்ணு பலகையைப் பார்த்துச் சிரித்தார்:
"முறை வச்சாச்சா? அப்ப கடைமடைக்கு ராத்திரிதான்.
நாப்பது வருஷம் ராத்திரியில மடை தொறந்தவன்,
என் பேரை அங்கேயே போடுங்க."

தையல்நாயகி அவரை எடை பார்க்க ஏற்றினாள்.
அறுபத்தொன்று புள்ளி நான்கு.
எடையை வாசலுக்குக் கேட்கக் கூவியே பழகியவள்
அன்றும் கூவினாள்.

வாசலில், பையை மடியிலிருந்து இறக்கிவிட்டு,
அவர் மனைவி எழுந்து நின்றாள்.