இரண்டு ஹைட்ரஜன் வித்தியாசம்

மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில்
மூன்று நாள் கிடந்தது பெட்டி.
உலர்பனி பாதி ஆவியாகிவிட்டது.
"உயிருள்ள பொருளா?" என்றார் சுங்க அதிகாரி.
இல்லை சார், கொழுப்பு.
"கொழுப்புக்கா இவ்வளவு விலை?"
ஐந்து மில்லிகிராம் சார்,
ஒரு உப்புக்கல் அளவுகூட வராது.
சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

செராமைடு.
தோலின் மேலடுக்கில்
செங்கல்லுக்கு இடையே சாந்துபோல
எல்லோரிடமும் இருப்பதுதான்.
ஆனால் உடம்பு செய்வதற்கு வால் நீளம்.
தண்ணீரைக் கண்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
செல்லின் வாசலுக்கே வராது.
இது யாரோ குடுவையில் கட்டியது,
வாலை ஆறே கார்பனில் நறுக்கி.
சவ்வுக்குள் நழுவி உட்கார்ந்துகொள்ளும்,
வேளச்சேரி ரயிலில்
"கொஞ்சம் தள்ளுங்க" என்று
நாலாவது ஆளாய் இடம் பிடிப்பவரைப்போல.
உட்கார்ந்தபின்
செல்லின் காதில் ஒரே ஒரு சொல்: போதும்.
செல் தன் கடையைத் தானே கட்டத் தொடங்கும்.

கூடவே வந்தது இன்னொன்று.
அதே தலை, அதே குட்டை வால்.
ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் இல்லை,
இரண்டு ஹைட்ரஜன் கூடுதல்.
அதுவும் உள்ளே போகும், உட்காரும்,
எதுவும் சொல்லாது.
இந்த ஊமை இல்லாவிட்டால்
செல் செத்தது சொல்லாலா நெரிசலாலா,
யார் சாட்சி?

கார்த்திகை மழையில் தரமணி இருண்ட இரவு
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றது.
உறைபெட்டியிலிருந்து ஐஸ் வாளிக்கு
செல்போன் வெளிச்சத்தில் குப்பிகளை மாற்றினேன்.
ஒன்றின் மூடி தளர்ந்திருந்தது.
கசிந்த எத்தனாலோடு என் விரல் தொட்டதில்
ரெஹானாவின் கையெழுத்து
இரண்டு குப்பியிலும் நீல மேகமாய்க் கலைந்தது.

ஹைதராபாத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே
போனில் சொன்னாள்:
"ஒண்ணுல மூடி மேல சின்னதா புள்ளி வெச்சிருப்பேன், பாரு."
பார்த்தேன்.
புள்ளி என் கட்டைவிரலில் இருந்தது.

நிறத்தில் பேதமில்லை, வாசனையில் இல்லை.
நிறைமானிக்குப் பதினைந்து நாள் வரிசை.
செல்களைத்தான் கேட்க வேண்டும்.
இரண்டு தட்டு எடுத்தேன், ஒரே நாளில் விதைத்தவை.
ஒன்றுக்கு அடையாறு என்றும்
மற்றதற்குக் கூவம் என்றும் பெயர் எழுதினேன்,
இம்முறை பென்சிலால்.
குப்பிக்கு ஒரு சொட்டு.
முப்பத்தேழு டிகிரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு
முழங்கால் தண்ணீரில் விடுதிக்கு நடந்தேன்.

காலையில் நுண்ணோக்கி.
அடையாற்றில் ஒருவர்கூட நிலத்தில் இல்லை.
உருண்டு, கொப்புளித்து,
தட்டை விட்டு மிதந்துகொண்டிருந்தார்கள்.
கூவம் பிழைத்திருந்தது.
மெரினா மணலில் கால் நீட்டிப் படுத்தவர்கள்போல
ஒவ்வொரு செல்லும் பரந்து, பக்கத்தில் இருப்பதைத் தொட்டபடி.

"எது எது?" என்று ரெஹானா கேட்டாள்.
சொன்னேன்.
"நல்லவேளை" என்றாள். பின்னால் குழந்தை அழுதது.

குப்பிகளுக்குப் புதுச் சீட்டு ஒட்டினேன்.
அடையாற்றில் பிளீச் ஊற்றினேன்.
கூவத்திலும் ஊற்றினேன், விதி அது;
பத்து நிமிடம் காத்திருந்து
தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.
பதிவேட்டில் கூவத்துக்கு நேரே எழுதியிருப்பது:
மாற்றம் ஏதுமில்லை.