பச்சை இலைக் கணக்கு

"சோம்பேறிக் கண்" என்றார் டாக்டர்.
எனக்குச் சுருக்கென்றது.
மஸ்டரில் தினமும் கேட்கிற சொல்.

இரண்டு பேர் இலை கொண்டுவருகிறார்கள்.
ஒருத்தியின் சாக்கு எப்போதும் ஈரம்;
அவள் நிரையில் மட்டும் மூடுபனி.
கணக்கப்பிள்ளை தள்ளிவைக்கிறார்.
மறுநாளும் அப்படியே.
பிறகு அவள் தராசுக்கே வருவதில்லை.
யார் சோம்பேறி?

நிரூபனின் இடக்கண்ணில் பவர் கூடுதலாம்.
மங்கலாய் வந்ததை மூளை வாங்கவில்லை.
ஆறு வயது வரை
தலை சாய்த்து டிவி பார்த்தவனைக்
கொஞ்சினோம்.

கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டியாயிற்று.
தினம் இரண்டு மணி நேரம் மற்றவளுக்கு லீவு.
பிளாஸ்திரியைப் பிய்க்கிறான்,
என்னைக் கடிக்கிறான்.

மூன்றாம் மாதம், சேரம்பாடி நிறுத்தத்தில்
மினிபஸ் பலகையை வாசிக்கிறான்:
"கெளப்பள்ளி."

கொளப்பள்ளியின் கால்
இன்னும் வந்து சேரவில்லை.