சலிக்கும் இரவு

போயா அன்று பார்க்காதே என்றேன் டொமினிக்கிடம்.
போயாவுக்கு ஃபேக்டரி லீவு,
நிலவின் மேடு பள்ளத்துக்கும் லீவு.
வெளிச்சம் நேரே விழுந்து
கோதுமை மாவு பூசின முகம்போல்
தட்டையாகக் கிடக்கும்.

அட்டமி வரட்டும்.
நல்ல காரியத்துக்கு ஆகாத நாள் என்பார்கள்,
பைனாகுலருக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

பைனாகுலர் என்னுடையதல்ல.
தேயிலை எப்படித் தயாராகிறது என்று பார்க்க வந்த
யாரோ ஒரு வெள்ளைக்காரர்
ருசி பார்க்கும் மேசையில் மறந்து போனது.
மூன்று மாதம் ஆபீஸ் அலுமாரியில் கிடந்தது.
நைட் ஷிப்டில் சாவி என்னிடம்.
சலித்துச் சலித்துச் சலித்துப்போன ஓர் இரவில்
எடுத்துவிட்டேன்.
டீமேக்கர் இதைப் படிக்க மாட்டார்.

இன்றைக்கு அட்டமி.
மூன்று நாளாக லிந்துலையை மூடியிருந்த பனி
சாயங்காலம்தான் விலகியது.
பத்தரை மணி. கொழுந்து வாட்டும் மேல்மாடி.
மேற்கு ஜன்னல்.
முழங்கை இரண்டையும் சட்டத்தில் ஊன்றிக்கொள்,
கை நடுங்கினால் நிலவும் நடுங்கும்.

வெளிச்சப் பாதி கீழே, கிண்ணம்போல.
இருட்டுப் பாதி மேலே.
இரண்டும் தொடுகிற கோட்டைப் பிடி,
நிழல் நீளுவது அங்கேதான்.
குழி குழியாய்,
விளிம்பு உடைந்த கோப்பைகள்.

டொமினிக் பார்த்தான்.
"யம்மா" என்றான். அப்புறம் பேச்சில்லை.
விறகு போட ஆளில்லாமல்
ட்ரையர் சூடு இறங்கியது அப்போதுதான்.

போனில் வாசித்ததைச் சொன்னேன்.
நானூற்றைம்பது கோடி வருடத்துக்கு முந்தி,
பூமி ஆறாத குழம்பாக இருந்தபோது,
செவ்வாய் அளவு ஒன்று
சாய்ந்தவாக்கில் வந்து மோதியிருக்கிறது.
பேர் தீயா.
நம்ம பாஷைப் பேர் இல்லை, ஆனால் பார்,
எப்படிப் பொருந்துகிறது.
மோதியதும் மோதப்பட்டதும் சேர்ந்து உருகி,
தெறித்தது வளையமாகச் சுற்றி,
சுற்றியது திரண்டு,
அதோ.

"பார்த்தது யாரு?"

யாருமில்லை.
பார்க்க ஒரு கண்கூட அப்போது உண்டாகியிருக்கவில்லை.

கீழே கூட்டிப்போய் விசிறி மெஷினைப் போட்டேன்.
கனத்த தூள் கிட்டவே விழுந்தது.
நாரும் சக்கையும் எட்டிப் போய் விழுந்தன.
இரும்பை எல்லாம் பூமி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது,
நிலவுக்குப் போனது பெரும்பாலும் லேசான கல்.
அள்ளிவந்து சோதித்தபோது
அதுவும் இதுவும் ஒரே தோட்டத்துத் தூள்.
எந்த மலைக் கொழுந்தென்று
ருசி பார்க்கிறவனுக்குத் தெரியாதா?

"அப்ப முடிவா தெரியுமா?"
இல்லை. இன்னும் சலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவன் மெஷினை நிறுத்தாமல் நின்றான்.
பதினொரு வருடத்துக்கு முன் ஒரு அடைமழையில்
மேல் லயத்து ஏழாம் காம்பராவுக்குள்
மலை வந்தது. அவன் அக்கா வீடு.
தோண்டினவர்களுக்கு
எது சுவர் எது மலை என்று பிரிக்க முடியவில்லை.
அந்தப் பாறை இன்னும் அங்கேதான்,
வெயில் அடித்தால் அதில்தான் துணி காய்கிறது.
நான் அதைச் சொல்லவில்லை.
அவனும் சொல்லவில்லை.
"மோதினது எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டான்.

போகவில்லை டொமினிக்.
பெரும்பங்கு நம் காலடியில்,
மிச்சம் அந்த ஜன்னலில்.

மறுபடி மாடி ஏறினோம்.
வருடத்துக்கு ஒரு கொழுந்து நீளம்,
இரண்டிலை ஒரு மொட்டு,
அவ்வளவு தள்ளிப் போகிறதாம் நம்மை விட்டு.
"எந்தத் தராசிலும் ஏறாத கொழுந்து" என்றான்,
அன்றைக்கு முதல் தடவை சிரித்தான்.

பதினொன்றே காலுக்குப் பனி ஏறி வந்து
கிண்ணத்தை எடுத்துக்கொண்டது.
லென்சில் தேயிலைத் தூசு.
முந்தானையால் துடைத்தால் கீறும்,
ஊதித்தான் எடுக்க வேண்டும்.

ஊதினேன்.
கீழே டஸ்ட் சல்லடை
எங்களுக்காகக் காத்திராமல் ஓடிக்கொண்டிருந்தது.