ஒட்டுறவு

ஓவுலு நகரம், நவம்பர்.
விடிவதற்கே ஒன்பதாகிவிடும்.
வேயோ கெம்ப்பைனென்
இரவெல்லாம் பனி தள்ளிய வண்டியை
ஆய்வக வாசலில் நிறுத்திவிட்டு
வெறும் வயிற்றோடு வந்து முன்கையை நீட்டுவார்.
மகன் ஒட்சோவுக்கு ஒன்பது வயது,
நாளைக்கு ஆறு குத்து.
ஏன் வருகிறீர்கள் என்றால்
வண்டி நிறுத்த இங்கேதான் இடம் இருக்கிறது என்பார்.

எட்டு மணிக்கு ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர்.
அகச்சிவப்பு ஒளி தோலுக்குள் போய்
ஏதோ முனகிவிட்டுத் திரும்பும்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஐலா விரலில் குத்தி ஒரு துளி எடுப்பாள்.
துளி சொல்வது உண்மை.
முனகலில் அந்த உண்மை இருக்கிறதா என்று பார்க்க
எனக்குச் சம்பளம்.

மூன்று வாரம். இருநூற்றுப் பத்துத் துளிகள்.
ஒட்டுறவு 0.96.
கம்பியில் குருவிகள் போலக்
கோட்டின் மேல் புள்ளிகள்.
அன்று கேக் வெட்டினோம்.

கத்தியைக் கழுவும்போதுதான் ஒரு சந்தேகம்.
மறுநாள், ஆளில்லாத அறையில்
காலி ஜாம் போத்தலில் தண்ணீர் பிடித்து
அதன் தோளில் கருவியைக் கட்டினேன்.
எட்டு மணி: 5.3
எட்டரை: 7.6
ஒன்பது: 9.4
பத்து: 6.0
போத்தல் காலை உணவு சாப்பிட்டிருந்தது.

ஜன்னலடி ஹீட்டர்
எட்டுக்குச் சூடேறும், ஒன்பதுக்கு அடங்கும்.
கூடவே கருவியும்.
ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை;
ரத்தத்தில் இனிப்பைக் காணாத என் கணக்குக்கு
அறையின் கதகதப்பு.
0.96.
ஒட்டு இருந்தது.
உறவு இல்லை.

வேயோவிடம் சொன்னேன்.
விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அப்போ நான் ஹீட்டருக்கா ரத்தம் கொடுத்தேன்?"
சிரித்தாரா, தெரியவில்லை.
மீசை நிறையப் பனி.

இப்போது பகடை உருட்டுகிறோம்.
எப்போது குடிப்பார் என்று
கடிகாரத்துக்குத் தெரியக் கூடாது.
சில நாள் சர்க்கரை, சில நாள் வெறும் தண்ணீர்.
ஹீட்டர் அணைந்தே கிடக்கிறது;
கோட்டு போட்டுக்கொண்டு கோடு போடுகிறேன்.
புதிய ஒட்டுறவு 0.38.
மெலிசுதான்.
ஆனால் போத்தலுக்கு இப்போது பசிப்பதில்லை.

இன்று ஐந்து விழுந்தது.
ஐந்தென்றால் பதினொன்றேகால்.
வேயோ பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார்,
இன்னும் குத்தாத விரல் எது என்று
தேடியபடி.